வீட்டுக்கு வரி உண்டு, பதிப்புரிமைக்கு இல்லை

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வருமான வரி ரிட்டர்ன் போட என்னிடம் வந்தார். ஃபைலோடு ஒரு பழைய புத்தகத்தையும் மேசையில் வைத்தார். அவருடைய அப்பா ஏற்காட்டில் வாத்தியாராக இருந்தவர். சேர்வராயன் மலைச் செடிகொடிகளைப் பற்றியும், மலை மக்கள் அவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்றும் எழுதி, 1978ல் 500 பிரதி அச்சடித்திருக்கிறார். முதுகு பிரிந்த புத்தகம். பூச்சி அரித்த ஓரங்களில் பென்சிலால் அவரே போட்ட திருத்தங்கள். வீட்டில் மிச்சம் இரண்டே பிரதி. மலையில் ஒரு பள்ளி ஆசிரியர் இதை ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்கும்படி போடலாமா என்று கேட்டாராம். "இதுக்கு யாருகிட்ட சார் அனுமதி வாங்கணும்?"

வாத்தியார் 2004ல் இறந்தார். நம் சட்டத்தில் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். அதாவது 2064 டிசம்பர் வரை அந்தப் புத்தகம் பூட்டித்தான் இருக்கும். மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். நல்லவேளையாக மூவரும் யார், எங்கே என்று தெரியும். உரிமையாளர் யாரென்றே தெரியாத புத்தகமாக இருந்தால், நாடு முழுக்கப் போகும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்து, மனுப்போட்டு, உரிமக் கட்டணம் செலுத்தி அனுமதி வாங்க வேண்டும். 500 பிரதி போன புத்தகத்துக்கு யார் இவ்வளவு அலைவார்கள்?

வரி பார்க்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. சேலத்தில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி உண்டு. காலி மனைக்கும் உண்டு. காப்புரிமம் என்கிற பேட்டன்ட் 20 ஆண்டுதான், அதற்கும் மூன்றாம் ஆண்டிலிருந்து வருடா வருடம் கட்டணம், கட்டாவிட்டால் போய்விடும். நம் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டைக்கூட 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதிப்புரிமைக்கு மட்டும் வைத்திருக்கிற செலவே இல்லை. செலவில்லாத சொத்தை யாரும் கை கழுவ மாட்டார்கள், கவனிக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பதிப்பகம் ஒரு நூலின் உரிமையை 40,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வையுங்கள். வருமான வரிக் கணக்கில் அது அருவச் சொத்து, அதாவது கையால் தொட முடியாத சொத்து, ஆண்டுக்கு 25 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். முதல் ஆண்டு 10,000, அடுத்த ஆண்டு 7,500 என்று குறைந்து, 20 ஆண்டில் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 127 ரூபாய். 127 ரூபாய் பெறுமானம் என்று அரசிடம் எழுதிக் கொடுத்துச் சலுகை வாங்கிய அதே பொருளை, வாசகனிடம் மட்டும் விலைமதிப்பில்லாதது போலப் பூட்டி வைக்க முடிகிறது.

என் யோசனை இதுதான். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எதுவும் வேண்டாம். அவர் காலத்துக்குப் பிறகு, உரிமை வைத்திருப்பவர் அதன் மதிப்பைத் தானே சொல்லட்டும். அதில் 1 சதவீதம் ஆண்டு வரி. 5 லட்சம் என்று சொன்னால் 5,000 ரூபாய் கட்டலாம், உரிமை அவரிடமே இருக்கும். 1,000 என்று சொன்னால் வரி 10 ரூபாய்தான். ஆனால் யாராவது அந்த 1,000 ரூபாயைக் கொடுத்து நூலைப் பொதுச்சொத்தாக்கிவிடலாம். குறைத்துச் சொல்லவும் பயம், கூட்டிச் சொல்லவும் பயம். பொருளாதார அறிஞர் ஆர்னால்ட் ஹார்பெர்கர் 1960களில் நிலத்துக்குச் சொன்ன வழி இது. கட்டாமல் விட்டால் நூல் பொதுவுக்கு வந்துவிடும். பழைய அமெரிக்கச் சட்டத்தில் 28 ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 1950களின் கடைசியில் அப்படிப் புதுப்பிக்கப்பட்டவை சுமார் 15 சதவீதம்தான். மற்றவற்றை உரிமையாளர்களே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

பதிப்புரிமைக்காக நாடுகள் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கை இதற்கு இடம் கொடுக்காதே என்பார்கள். அது வெளிநாட்டுப் படைப்புகளுக்கு நிபந்தனை போடக் கூடாது என்கிறது. நம் நாட்டுப் படைப்பை நம் நாட்டுக்குள் எப்படி நடத்துவது என்பதை நம் சட்டத்துக்கே விட்டிருக்கிறது. அது கேட்கிற குறைந்தபட்சமும் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டுதான். மேலே உள்ள 10 ஆண்டு நாமாக 1992ல் சேர்த்துக்கொண்டது.

பணம் கொடுத்துப் பொதுவாக்குவது தமிழருக்குப் புதிதும் இல்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949ல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து வருகிறது தமிழ்நாடு அரசு. பெயர் தெரிந்தவர்களுக்கு அது வாய்க்கிறது. ஏற்காட்டு வாத்தியாரை யார் பரிந்துரைப்பார்கள்? அவருக்கு வரி வழிதான் உதவும்.

அதுவும் இன்று தலைகீழாக இருக்கிறது. ஒரு அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்தால் 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிக் கழிவு கிடைக்கும். பொருளாகக் கொடுத்தால் கிடையாது. பதிப்புரிமையையே ஊருக்கு விட்டுக்கொடுத்தாலும் ஒரு ரூபாய் கழிக்க முடியாது. முதலில் இதையாவது மாற்ற வேண்டும் என்று எந்த பட்ஜெட் கூட்டத்தில் பேசினாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை வீட்டில் இப்படிப் புத்தகம் இருப்பவர்கள் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். எழுத்தில் இல்லையென்றால் உரிமை கைமாறவே இல்லை. 1995 மே மாதத்துக்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால், 5 ஆண்டுதான் செல்லும். உயிலில் வீடு, நகையோடு பதிப்புரிமையையும் ஒரு வரி எழுதுங்கள். எழுத்தாளரே விட்டுக்கொடுக்க நினைத்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு போதும், பதிப்புரிமைப் பதிவாளருக்கு ஓர் அறிவிப்பு அல்லது ஒரு பொது அறிவிப்பு.

அந்த அம்மாவின் புத்தகத்துக்கு ஒப்பந்தமே இல்லை. அதனால் உரிமை பிள்ளைகளிடமே இருக்கிறது. எல்லோரும் தாராளமாகப் படிக்கலாம், நகலெடுக்கலாம் என்று மூவர் பெயரிலும் அனுமதிக் கடிதம் எழுதினோம். இருவர் கையெழுத்துப் போட்டாயிற்று. கனடாவில் இருக்கும் தம்பியின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம். பென்சில் திருத்தங்களையும் சேர்த்தே ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.