பல் ஆடுவதற்குக் காரணம் க்ளீனிங் இல்லை

"க்ளீன் பண்ணினா பல் ஆடிடும்னு சொன்னாங்க டாக்டர், அதான் இத்தனை நாள் வரலை."

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன். கடைசியாக இப்படிச் சொன்னவருக்கு வயது நாற்பதைத் தாண்டி ஓரிரு வருடம்தான் இருக்கும். கீழ்வரிசை முன்பற்கள் நான்கையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது. எக்ஸ்ரேயில் பார்த்தால் வேரைச் சுற்றி எலும்பே மிச்சமில்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது அவருக்குப் பல வருடங்களாகத் தெரியும். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படக்கூடாது என்று அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்த்து வந்திருக்கிறார்.

ஈறு நோய்க் கிருமிகள் பல்லின்மேல் லேசாகப் படிந்து கிடப்பவை அல்ல. அவற்றில் முக்கியமான ஒன்று போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அதன் மேற்பரப்பிலிருந்து ஃபிம்பிரியா என்னும் மெல்லிய புரத இழைகள் நீண்டிருக்கும். நீளமான இழைகள் பல்லில் படிந்துள்ள எச்சில் புரதங்களையும் ஈறின் செல்களையும் பற்றிக்கொள்ளும். குட்டை இழைகளுக்கு வேறு வேலை: பல்லில் ஏற்கெனவே குடியேறிவிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிப்பது. ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளவாக்கான கிருமியும் தன் மேற்புரதங்களால் முதலில் வந்தவற்றையும் பின்னால் வந்தவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும். இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்த படலம் கொப்பளித்தால் போகாது. தேய்த்தோ சுரண்டியோதான் எடுக்க முடியும்.

அதே ஜிஞ்சிவாலிஸின் மேற்பரப்பில் புரதங்களை வெட்டும் ஜிஞ்சிபெய்ன் என்ற நொதிகளும் இருக்கின்றன. அவை நம் எதிர்ப்புச் சக்தியின் புரதங்களையே வெட்டிப் போடும், ஹீமோகுளோபினைச் சிதைத்து அதிலுள்ள ஹீம் என்ற இரும்புள்ள பகுதியையும் எடுத்துக்கொள்ளும். இந்தக் கிருமிக்கு வளர ஹீம் வேண்டும். ஆய்வகத்தில் ரத்தம் கலந்த அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்தால் கூட்டம் கூட்டமாகக் கன்னங்கரேலென்று வளரும். அது தன் மேற்பரப்பில் சேர்த்துவைத்த ஹீமின் நிறம்தான் அந்தக் கருப்பு. அப்படியென்றால் ரத்தம் கசியும் ஈறு இந்தக் கிருமிக்குச் சாப்பாடு. அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, க்ளீனிங் விஷயத்துக்கு வருகிறேன். தேய்க்காமல் விட்ட படலம் எச்சிலிலுள்ள கால்சியத்தால் இறுகிப் பற்காறையாகிறது. காறையின் சொரசொரப்பில் புதிய படலம் இன்னும் சுலபமாக ஏறும். ஈறு வீங்கும், பல்லிலிருந்து பிரியும், அடியில் பள்ளம் விழும். பிறகு எலும்பு கரையும். இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. கடைசிக் கட்டத்தில் அந்தக் காறைதான் பக்கத்துப் பக்கத்துப் பற்களைச் சேர்த்து ஒட்டவைத்திருக்கும். ஆற்றங்கரையில் வேர் அரித்துப்போன தென்னையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே நிலைதான். முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததும் மரம் ஆடினால், வேரை அரித்தது கட்டையை எடுத்தவரா? காறையை எடுக்கும்போது பல்லின் உண்மையான நிலைமை வெளியே தெரிகிறது. அந்த ஆட்டம் அன்றைக்கு வந்ததல்ல. இடைவெளி விழுந்துவிட்டது என்பார்கள். வீங்கியிருந்த ஈறு வற்றியிருக்கிறது, காறை அடைத்திருந்த இடம் காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சம் இருக்கும், பெரும்பாலும் தானாகக் குறையும். எனாமல் தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அது. நாங்கள் க்ளீனிங்குக்குப் பயன்படுத்தும் ஸ்கேலர் கருவியின் முனை அதிர்ந்துதான் காறையைப் பெயர்க்கிறது, பல்லை அரம்போல் அறுப்பதில்லை. ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்குப் பல் ஆடுவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு எலும்பு இருக்கிறது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், தயவுசெய்து வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் படிப்பில் எல்லாரும் படிப்பது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. எலும்பு கரைந்தபிறகு அப்படித் திரும்பாது.

மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை மாத்திரை சரியாக எட்டுவதில்லை. வீக்கம் நான்கு நாள் அடங்கும், காறை அங்கேயேதான் இருக்கும். மாத்திரை தேவைப்படும் ஈறு நோயும் உண்டு, அப்போதும் சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான் தருவோம்.

ஜிஞ்சிபெய்ன் அல்சைமர் என்ற மறதி நோயைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அந்த நொதி இருந்ததாக 2019இல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. அதைத் தடுக்கும் மருந்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தபோது ஞாபகத் திறன் குறைவதைத் தடுப்பதில் எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2021இல் அறிவித்தார்கள். அந்தப் பயத்தில் யாரும் வர வேண்டாம். சர்க்கரை நோயைப் பற்றி யோசித்து வாருங்கள், அது உறுதியாகத் தெரிந்த விஷயம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

காலையும் இரவும் மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம், ஈறும் பல்லும் சேரும் இடத்தில். ரத்தம் வந்தாலும் அங்கே தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், மென்மையாகத் தேயுங்கள். இரண்டு வாரமாகியும் நிற்காவிட்டால் வந்து காட்டுங்கள். கரி, செங்கல்பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். பல்லிடுக்கு பிரஷ்ஷால் எட்டாது, அதற்குத் தனிச் சின்ன பிரஷ் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். புகை பிடிப்பவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புகை அந்த அறிகுறியை மறைத்துவிடும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளும் வரலாம், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை வசதியான காலம். வரும்போது தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், க்ளீனிங்குக்காக அதை நீங்களாக நிறுத்திவிட்டு மட்டும் வராதீர்கள். அதை முடிவுசெய்ய வேண்டியது உங்கள் இதய மருத்துவரும் நாங்களும் பேசித்தான்.