கடைசி பெஞ்சில் ஒரு வாரம்

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு நான்கு பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்துக்கு ஒரு பெண். ஆசிரியர் அறையில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “சார், லெசன் பிளான் நோட்டுல வாராவாரம் கையெழுத்துப் போடுவீங்களா, இல்ல கடைசியில மொத்தமாவா?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதே கேள்வியோடுதான் ஒரு பள்ளிக்குள் நுழைந்தேன். 2010-11, பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலம். நாற்பது நாள் பயிற்சி. நிலக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகள், சுருட்டிய சார்ட்டுகள், மனசு நிறைய கமிஷன் பயம். (செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் குழுவைத்தான் கமிஷன் என்போம். பி.எட். முடித்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் லேசாக வயிற்றைக் கலக்கும்.)

2015இலிருந்து பி.எட். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 20 வாரமும் பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? நான் கண்டவரை பல இடங்களில் யாரும் இல்லை. பயிற்சிக்கு ஆள் வந்தால், லீவு போட்டவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று நிம்மதி. வழிகாட்டி ஆசிரியர் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார். கல்லூரியிலிருந்து வருபவர் நோட்டைப் புரட்டிவிட்டு, தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். நோட்டு நிறைந்துவிடும். எனக்கு அப்படி நடக்காமல் போனதற்கு ஒரே காரணம், எனக்கு வாய்த்த டீச்சர்.

அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணக்கு பட்டதாரி ஆசிரியர். என் ரெக்கார்டு நோட்டைத் திறக்கவேயில்லை. “தம்பி, ஒரு வாரம் பாடம் எடுக்க வேணாம். எட்டாம் வகுப்புல கடைசி பெஞ்ச்ல உக்காருங்க. என்னையப் பாக்காதீங்க. பிள்ளைகளப் பாருங்க.”

எனக்கு எரிச்சல். நாற்பது நாளில் ஒரு வாரம் போய்விட்டால் பாட எண்ணிக்கை என்ன ஆவது? அதிலும், எம்.எஸ்சி. முடித்தவனை எட்டாம் வகுப்புப் பையன்களோடு உட்கார வைக்கிறாரே என்று வேறு.

இரண்டாம் நாள்தான் கண் திறந்தது. கரும்பலகையின் கீழ்ப்பகுதி கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் தலைகள் மறைக்கும். காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாகப் பலகையில் விழும் நேரத்தில் இடது ஓரம் வெறும் பளபளப்புதான். மின்விசிறி ஓடினால் முன்வரிசைப் பிள்ளை சொல்லும் பதில் பின்னால் கேட்காது. டீச்சர் “கரெக்ட்” என்பது மட்டும் கேட்கும். எது கரெக்ட் என்பது தெரியாமலே கணக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். என் பக்கத்திலிருந்த பையன் நோட்டில் தேதியும் தலைப்பும் அழகாக எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, விடை பலகைக்கு வரும்வரை பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருப்பான். வந்ததும் எழுதிக்கொள்வான். அவன் நோட்டைத் திருத்தும் யாருக்கும் அவன் ஒரு கணக்கும் போடவில்லை என்பது தெரியவே தெரியாது. நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும்.

டீச்சருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. கேட்காமல் போன பதிலை அவர் திரும்பச் சொல்ல மாட்டார். “பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல, அவங்களப் பாத்துச் சொல்லு” என்பார். பலகையின் கீழ்ப்பாதியில் எழுத மாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திராவிட்டால் இதையெல்லாம் அவருடைய பழக்கதோஷம் என்று நினைத்திருப்பேன்.

இரண்டாவது வாரம் என் முதல் பாடம். நன்றாகவே எடுத்ததாக நினைப்பு. மணி அடித்ததும் டீச்சர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். வகுப்பின் இருக்கைப்படம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. முன்வரிசையிலும் நடுவரிசையிலும் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. ஓரங்கள் வெள்ளை. தாளின் அடியில் ஓர் எண் மட்டும்: 14.

“புரிஞ்சுதான்னு பதினாலு தடவ கேட்டீங்க தம்பி. பதினாலு தடவையும் புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. ஒரு தடவ நம்பி மேல போயிருந்தா பதிமூணு மிச்சமாயிருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்குத் தடை. அதற்குப் பதிலாக என்ன கேட்பது? “இதே மாதிரி ஒரு கணக்கு நீயே சொல்லு”, “இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தோம்?” போல எதையாவது. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடு. நான் கேள்வி கேட்ட கையோடு நானே பதில் சொல்லிவிடுவேன். டீச்சர் பின்னால் உட்கார்ந்து மேஜை மேல் ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டுவார். மூன்று விரல் மடங்கும்வரை நான் பேசக் கூடாது. பின்னாளில்தான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே வகுப்பறைகளில் அளந்து பார்த்திருக்கிறார் என்று படித்தேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள்; அதை மூன்று விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. டீச்சர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. விரல் மடக்கியே தெரிந்துகொண்டவர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் முன்னால் அவர் என்னை ஒருநாளும் திருத்தியதில்லை. வகுப்புக்குள் நான் “சார்”. வராந்தாவுக்கு வந்தால்தான் “தம்பி”. ஒருமுறை பலகையில் நான் தப்பாகப் பெருக்கியபோதுகூட, “சார், அந்த ரெண்டாவது வரிய எனக்கு ஒருதடவ சொல்றீங்களா?” என்றுதான் கேட்டார். நானே பார்த்துத் திருத்திக்கொண்டேன். பயிற்சி ஆசிரியரை வகுப்பில் வைத்து அதட்டும் மூத்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அதட்டல் வாங்கியவர் சொல்வதை அடுத்த நாள் எந்தப் பிள்ளை கேட்கும்?

இனி அந்த மைனஸ் கதை. பதினைந்து ஆண்டு வேலையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

சமன்பாடு தீர்க்கும் கணக்கு. நடுவே −3−7 என்று ஒரு படி. நோட்டுகளை வாங்கித் திருத்தினால், ஏறக்குறைய பாதி வகுப்பு +10 என்று எழுதியிருந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்தும் இது தெரியவில்லையே! சிவப்பு மையில் ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி போட்டு, “பத்துத் தடவை எழுதி வா” என்று போட்டேன். டீச்சர் அந்த நோட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு, “இத்தன பேரு ஒரே மாதிரி தப்புப் பண்ணா அது தப்பில்ல தம்பி, யாரோ சொல்லிக் குடுத்தது. யாருன்னு கேட்டு வாங்க” என்றார்.

ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். +10 எப்படி வந்தது, சொல்லும்மா என்றேன். அது தயங்கித் தயங்கிச் சொன்னது: “நீங்கதான சார் சொன்னீங்க, மைனஸும் மைனஸும் சேந்தா பிளஸ்னு.”

ஆமாம். சொல்லியிருந்தேன். மூன்று நாள் முன்பு பெருக்கலை நினைவூட்டும்போது, அவசரத்தில் “பெருக்கினால்” என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். அதைவிட மோசம், தாளம் போட்டு வகுப்பையே திரும்பச் சொல்ல வைத்திருந்தேன். அவர்கள் நான் சொன்னதை அப்படியே, ஒழுங்காக, எல்லா இடத்திலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் பாடம் நன்றாகவே ஏறியிருந்தது, பாடம்தான் தப்பு.

மறுநாள் டீச்சர் சொல்லித்தந்தபடி கடைக்கணக்குக்குப் போனேன். அண்ணாச்சி கடையில் மூன்று ரூபாய் கடன். சாயங்காலம் போய் இன்னும் ஏழு ரூபாய்க்குக் கடன் வாங்கினாய். இப்போது உன் கையில் பத்து ரூபாய் இருக்குமா? வகுப்பே சிரித்தது. “கடன்தான் சார் பத்து ரூவா!” பத்துத் தடவை எழுதி வரச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். எப்படித் தப்பு வந்தது, அதைச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தேன். ஒன்றும் குறையவில்லை; அதற்குப் பிறகு “சார், இது சேத்தாவா, பெருக்கினாவா?” என்று என்னையே மடக்க ஆரம்பித்தார்கள்.

இன்றும் நோட்டு திருத்தும்போது தப்புகளை எண்ணுவதில்லை, வகை பிரிக்கிறேன். 0.35, 0.4 இரண்டில் எது பெரிது என்றால் 0.35 என்பான் ஒருவன். 35 நாலைவிடப் பெரிது என்பது அவன் நியாயம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்பாள் ஒருத்தி. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டினாள், அவ்வளவுதான். அந்த நியாயம் தெரியாமல் பெருக்கல் குறி போட்டு என்ன பயன்?

குரல், பலகை எழுத்து, நேரப் பங்கீடு எல்லாம் பழகப் பழக வந்துவிடும். கத்தினால் தொண்டைதான் போகும். வகுப்பு இரைந்தால் டீச்சர் தன் குரலைத் தாழ்த்துவார். அவ்வளவுதான் அதில் விஷயம்.

ஆனால் தூங்கிய பையனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பீரியடில் தினமும் சாமி ஆடுவான். ஒருநாள் “ஏய் தூங்குமூஞ்சி” என்று கூப்பிட்டேன். வகுப்பு சிரித்தது, எனக்கும் ஒரு வெற்றி. வராந்தாவில் டீச்சர் கேட்டார், “நீங்க காலையில எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க தம்பி?” ஆறரை என்றேன். “அவன் நாலு மணிக்கு.” தை மாத முகூர்த்தக் காலம். மல்லிகை மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. அம்மாவோடு பூப்பறித்துவிட்டு, அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். அந்த ஊரில் பாதி வீட்டில் இதுதான் நிலை. நாற்பது நாள் தங்க வந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். பட்டப்பெயர் வைப்பதும் அதில் சேரும் என்று பி.எட். தேர்வில் நானே எழுதியிருப்பேன்.

இன்று பயிற்சிக்கு வருபவர்களுக்கு இதோடு நான் சேர்த்துச் சொல்வது ஒன்று உண்டு. இளவயதுக்காரர்கள் என்பதால் பிள்ளைகள் உங்களிடம் மனம் விட்டுப் பேசும். வீட்டிலோ வெளியிலோ யாராவது தவறாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு மட்டுமல்ல. தலைமையாசிரியரிடம் சொல்லியாயிற்று என்பதோடு அது முடிந்துவிடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கமிஷன் அன்று நான் செய்ததையும் ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாளே அதே பாடத்தை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்ப்பவருக்கு வகுப்பே கை தூக்கிய மாதிரி இருக்கும். தலைமுறை தலைமுறையாக வரும் தந்திரம். அமர்க்களமாக முடிந்தது. நல்ல மதிப்பெண். டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நேத்தே படிச்சு முடிச்சிட்டாங்களே தம்பி, இன்னைக்கு எதுக்கு வந்தாங்க?”

எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் அந்தப் பெண்ணின் கேள்விக்கு, வாராவாரம் கையெழுத்துப் போடுகிறேன் என்று பதில் சொன்னேன். ஆனால் முதல் வாரம் பாடம் கிடையாது, ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்ச் என்றேன். முகம் சுருங்கியது. இருக்கைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்து, நான் யாரிடமெல்லாம் கேள்வி கேட்கிறேன் என்று புள்ளி வைக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தாளைக் கேட்டேன். கொடுக்கத் தயங்கினார். “சார், ஒருவேளை நான் சரியா குறிக்கலயோ என்னவோ...” என்று இழுத்தார். வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் குறித்திருந்தார். ஜன்னலோர வரிசையில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வரிசையில் எட்டுப் பேர்.