ஹோண்டுராஸ் கோர்சேர்கள் எங்கே போயின?

1969 ஜூலை 17. அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதே நாளில் மத்திய அமெரிக்க வானத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் புரொப்பெல்லர் விமானங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. ஹோண்டுராஸ் விமானி பெர்னாண்டோ சோட்டோ காலையில் எல் சால்வடாரின் மஸ்டாங் ரகப் போர் விமானம் ஒன்றையும், பிற்பகலில் கோர்சேர் ரகப் போர் விமானங்கள் இரண்டையும் வீழ்த்தினார். பிஸ்டன் இன்ஜின் போர் விமானங்கள் தங்களுக்குள் மோதிய கடைசிச் சண்டை அதுதான்.

ஹோண்டுராஸுக்கும் எல் சால்வடாருக்கும் இடையிலான இந்தப் போர், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களை ஒட்டி மூண்டதால் 'கால்பந்துப் போர்' என்று பெயர். நிஜமான சிக்கல் நிலமும், பிழைக்க வந்து ஹோண்டுராஸில் குடியேறியிருந்த சுமார் 3 லட்சம் சால்வடார் மக்களும். நான்கே நாளில் போர் ஓய்ந்தது. சரி, அந்த விமானங்கள்?

சோட்டோ ஓட்டியதும் கோர்சேர், அவர் வீழ்த்தியதில் இரண்டும் கோர்சேர். ஆகவே பழைய படங்களில் எது யாருடையது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. சால்வடாருடையவை எஃப்ஜி-1டி ரகம். டயர் கம்பெனியான குட்இயர் போர்க்காலத்தில் செய்து கொடுத்தவை. மூன்று இதழ் புரொப்பெல்லர், இறக்கைகளில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். சோட்டோவுடையது வாட் நிறுவனத்தின் எஃப்4யு-5என். நான்கு இதழ் புரொப்பெல்லர், நான்கு 20 மி.மீ. பீரங்கிகள். மூக்கின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் கன்னம் உப்பியதுபோல் காற்று வாய்கள் இருக்கும். ஹோண்டுராஸிடம் இருந்த இன்னொரு ரகமான எஃப்4யு-4க்கு அந்த வாய் தாடைக்கு அடியில் ஒன்றே ஒன்று.

ரகம் தெரிந்தால் போதாது, தனி விமானத்தைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் எண்கள் வருகின்றன. அமெரிக்கக் கடற்படை தன் விமானம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. ஹோண்டுராஸ் விமானப் படை அதன்மேல் தன் சொந்த எண்ணை எழுதியது. சோட்டோவின் விமானம் 609. பிறகு ஒரு தனியார் வாங்கும்போது சிவில் பதிவெண் வரும். நாடு மாறினால் அதுவும் மாறும். இந்த எண்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதுதான் தேடுபவரின் வேலை. விற்பனைப் பத்திரம், இன்ஜின் பதிவேடு, தேதியிட்ட புகைப்படம் எல்லாம் அந்த முடிச்சுக்கான நூல்கள்.

நடுவில் ஒரு வில்லங்கம் உண்டு. எண் பொறித்த தகட்டைக் கழற்றி இன்னொரு விமானத்தின் கூட்டில் ஆணியடித்துவிடலாம். மடக்கும் இறக்கையை வேறு கோர்சேரிலிருந்து கொண்டுவந்து மாட்டலாம். இன்ஜின் மாறிக்கொண்டே இருக்கும். எனவே நான் நம்புவது நடுப்பகுதியை: இறக்கையின் அந்தப் பெரிய வளைவையும் சக்கரங்களையும் தாங்கும் முதன்மை விட்டம் அதில்தான் இருக்கிறது. அது மாறிவிட்டால், தகடு என்ன சொன்னாலும் விமானம் வேறு.

ஹோண்டுராஸ் தன் கோர்சேர்களை 1970களின் கடைசிவரை பறக்க வைத்துப் பராமரித்தது. அமெரிக்காவில் அதற்குள் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போயிருந்தன. அதனால் முழு உடம்போடு இருந்த ஹோண்டுராஸ் விமானங்களைத் தேடிச் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் ஃப்ளையிங் புல்ஸ் குழுவின் எஃப்4யு-4, பிரான்ஸின் லா ஃபெர்த்தே-அலேயில் உள்ள எஃப்4யு-5 இரண்டும் அப்படி வந்தவை.

இப்படிப் போனவற்றில் பலவும் அமெரிக்கக் கடற்படை அடையாளங்களோடுதான் கண்காட்சிகளில் பறக்கின்றன. கொரியப் போர் வேடத்துக்குக் கூட்டம் சேரும், ஹோண்டுராஸுக்குச் சேராது போல. எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். 609 மட்டும் விற்கப்படவில்லை. தெகுசிகல்பாவில் டொன்கொன்டின் விமான நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில், தன் சொந்த எண்ணோடு நிற்கிறது.