உபரி நிலம்: சொல் விளக்கம்

ஒரு பொது அமைப்பு தன் நிலத்தின் ஒரு பகுதி இன்றைய பணிக்கும் வருங்காலத் திட்டத்துக்கும் தேவையில்லை என்று முடிவுசெய்து அறிவித்தால், அந்தப் பகுதி உபரி நிலம். ஆங்கிலத்தில் சர்ப்ளஸ் லேண்ட். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் சொல் இது. மூடிய வார்டு, ஆளில்லாத செவிலியர் விடுதி, மருத்துவமனைக்குப் பின்னால் புல் மண்டிய மனை எல்லாம் இதில் அடங்கும்.

‘சர்ப்ளஸ்’ லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சூப்பர்’ என்றால் மேலே, ‘ப்ளூஸ்’ என்றால் அதிகம். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘உபரி’க்கும் ‘மேலே’ என்பதே பொருள். தமிழில் ‘மிகு’ என்ற அடியில் பிறந்த ‘மிகை’ இருக்கிறது. ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறளில் அது எடைபோட்டுப் பார்த்து அறியும் ஒன்றாக வருகிறது.

எதற்கு மேலே என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் உபரி நிலம் என்றதும் நில உச்சவரம்புச் சட்டம் நினைவுக்கு வரும். 1961 சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு கட்டியது. பின்னர் அது 15 ஆனது. அதற்கு மேல் உள்ளது உபரி. அணையில் உபரி நீரை மதகின் மட்டம் காட்டிக்கொடுப்பதுபோல, அங்கே சட்டமே அளவைச் சொல்லிவிடுகிறது. மருத்துவமனை நிலத்துக்கு அப்படி ஒரு மட்டம் கிடையாது. கொள்கை மாறினால் உபரியின் அளவும் மாறும்.

வடக்கு லண்டனின் ஃப்ரையர்ன் மருத்துவமனை அதற்குச் சான்று. 1851இல் கோல்னி ஹாட்ச் மனநலக் காப்பகமாகத் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான கட்டடம் அது. இத்தகைய காப்பகங்களை மூட வேண்டும் என்று 1961இல் சுகாதார அமைச்சர் ஈனக் பவல் பேசினார். ஃப்ரையர்ன் 1993இல் மூடப்பட்டது. இன்று அது பிரின்சஸ் பார்க் மேனர் என்ற அடுக்ககம். மனநோயாளிகளை ஆயுள் முழுக்க அடைத்து வைக்கும் முறை ஒழிந்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நிலத்தில் வேறொரு மருத்துவப் பணி தொடங்கும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது.

விற்ற பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுகாதார சேவையின் 200 கோடி பவுண்டு சொத்தை விடுவித்து மறுமுதலீடு செய்வது, 26,000 வீடுகளுக்கு நிலம் தருவது என்று பிரிட்டன் அரசு இலக்கு வைத்திருந்தது. அதற்கு வழிசொல்லவே 2017இல் மருத்துவமனை நிர்வாகத்தில் அனுபவமுள்ள ராபர்ட் நெய்லரின் அறிக்கை வந்தது. அதே காலத்தில், 2014-15 முதல் 2018-19 வரை, கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் உரிய மூலதன நிதியிலிருந்து 430 கோடி பவுண்டு அன்றாடச் செலவுக்குத் திருப்பப்பட்டது. ஒருபுறம் மூலதனத்துக்காக நிலத்தை விற்கச் சொல்லிவிட்டு, மறுபுறம் மூலதனத்தையே கரைப்பது சரியல்ல.

விற்பனைக்கு முறைகள் உண்டு. நிலம் முதலில் மற்ற அரசு அமைப்புகளுக்குத் தேவைப்படுமா என்று கேட்கப்படும். கட்டாயமாகக் கையகப்படுத்திய நிலம் என்றால், பழைய உரிமையாளருக்கோ வாரிசுக்கோ விற்கும் நாளின் சந்தை விலையில் முதலில் தர முன்வர வேண்டும் என்பது பொது விதி. அரசு வாங்கிய நிலத்தைப் பழைய உரிமையாளர் தரப்புக்குத் திருப்பித் தர மறுத்ததால் எழுந்து, 1954இல் வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகக் காரணமான கிரிச்செல் டவுன் நில விவகாரத்தால் அந்த விதிகளுக்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் எப்படி எழுதுவது? ‘உபரி நிலம்’ பழகிய சொல், விட வேண்டியதில்லை. தனித்தமிழ் விரும்புவோர் ‘மிகை நிலம்’ எனலாம். இரண்டிலும் ‘அறிவித்த’ என்பதைச் சேர்த்து, ‘உபரியென அறிவித்த நிலம்’ என்று எழுதுவதே என் பரிந்துரை. அறிவித்தவர் யார் என்ற கேள்வி அப்போதுதான் எழும். இதோடு வரும் ‘டிஸ்போசல்’ என்பதை ‘அப்புறப்படுத்துதல்’ என்று எழுதினால் குப்பை அள்ளுவதுபோல் ஆகிவிடும். விற்பனை, நீண்டகாலக் குத்தகை, பரிமாற்றம் மூன்றும் அதில் அடங்குவதால் ‘கைமாற்றம்’ பொருந்தும்.