சிறு மென்பொருள் கைமாறும்போது

கணினிப் பராமரிப்புத் தொழிலில் எனக்கு இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆடிட்டர் அலுவலகம், மருந்து மொத்த வியாபாரம், அச்சகம், இரண்டு மூன்று சிறு பள்ளிகள் என்று கோவையைச் சுற்றியே என் வேலை. வைரஸ் வந்துவிட்டது என்றும் பிரிண்டர் ஓடவில்லை என்றும் தினமும் கூப்பிடுவார்கள். அவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. “நேற்று வரை இருந்தது, இன்று காலையில் திறக்கவே இல்லை” என்று வரும் அழைப்புகள்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அப்படி ஓர் அழைப்பு வந்தது. அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் அக்கா ஒருவர், திரையின் வலது ஓரத்தில் மஞ்சள் சீட்டுகளாகக் குறிப்புகளை ஒட்டி வைக்கும் சிறு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். எந்த வாடிக்கையாளர் எந்த ரசீதை இன்னும் தரவில்லை, யாருடைய கணக்கு யார் கையில் இருக்கிறது, யாரை எப்போது போனில் நினைவூட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சீட்டுகளில்தான். அன்று காலை சீட்டுகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. சேவை முடிந்துவிட்டது என்று இரண்டு வரி ஆங்கிலம். “தம்பி, என் சீட்டெல்லாம் எங்கே போய்விட்டன?” என்று கேட்டார்.

அந்த மென்பொருளை எழுதிய சிறு குழுவை ஒன்றரை வருடத்துக்கு முன்பே ஒரு பெரிய நிறுவனம் வாங்கியிருந்தது. வாங்கியதைச் சொல்லி ஒரு மின்னஞ்சல், மூடப்போவதைச் சொல்லி மூன்று. நான்கும் வேலையை விட்டுப் போன ஒரு பையனின் முகவரிக்குச் சென்றிருந்தன. முதலில் நிறுவிப் பதிவு செய்தவன் அவன். கணினிக்குள் தங்கியிருந்த தற்காலிகக் கோப்புகளைத் தோண்டிப் பாதிக்கு மேல் மீட்டேன். மீதிக்கு அக்கா வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டு மறுபடியும் எழுதினார். வருடக் கடைசி நெருக்கடியில் அவருக்கு இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

மென்பொருள் மூடப்படும் நாளைத்தான் எல்லோரும் ஆபத்தான நாள் என்று நினைக்கிறார்கள். அது கைமாறும் நாளே நாம் விழித்துக்கொள்ள வேண்டிய நாள். வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டால் அட்வான்ஸை இனி யாரிடம் கேட்பது, பழைய ஒப்பந்தம் செல்லுமா என்று அன்று மாலையே விசாரிப்போம். கணினியில் குடியிருக்கும் நம் தகவலுக்கு அந்தக் கவனத்தை நாம் கொடுப்பதில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கான்ஃபேபுலேட்டர் என்ற மென்பொருள். அமெரிக்காவில் பிக்சோரியா என்ற மிகச் சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு. ஆர்லோ ரோஸ், பெர்ரி கிளார்க் ஆகியோர் உருவாக்கி, 2003 பிப்ரவரியில் ஆப்பிளின் மேக் கணினிகளுக்காக வெளியிட்டார்கள். வானிலை, கடிகாரம், நாட்காட்டி, பங்கு விலை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னஞ்சிறு சாளரம். அதற்கு விட்ஜெட் என்று பெயர். எஃப்8 விசையைத் தட்டினால் திரை மங்கி, எல்லா விட்ஜெட்டுகளும் மேலெழுந்து வந்து நிற்கும். மறுபடி தட்டினால் பின்னால் போய்விடும்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு விட்ஜெட் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே சில படங்கள், எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் எழுதிய ஒரு விவரக் கோப்பு, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கொஞ்சம் நிரல். எந்தப் படம் எந்த இடத்தில் நிற்க வேண்டும், சுட்டியால் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தே படிக்கலாம். இணையப் பக்கம் எழுதத் தெரிந்த யாரும் ஒரு மாலையில் ஒரு விட்ஜெட் செய்துவிட முடிந்தது. அதனால்தான் உலகெங்கும் ஆர்வலர்கள் எழுதிக் குவித்தார்கள். இருபது, இருபத்தைந்து டாலர் கொடுத்து மக்கள் வாங்கவும் செய்தார்கள்.

2004 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிளின் மாநாட்டில், இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் டாஷ்போர்டு என்ற வசதி வரும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். அதுவும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய சிறு சாளரங்கள்தான், அதற்கும் விட்ஜெட் என்றே பெயர். மைக்ரோசாஃப்டைக் குத்திக்காட்ட அதே மாநாட்டில் ஆப்பிள் ஒரு பதாகை தொங்கவிட்டிருந்தது: ரெட்மண்டே, நகலெடுக்கும் இயந்திரங்களை ஓட்டு. ரெட்மண்ட் மைக்ரோசாஃப்டின் ஊர், கூப்பர்டினோ ஆப்பிளின் ஊர். கான்ஃபேபுலேட்டர்காரர்கள் அந்த வாசகத்தையே ஊர்ப்பெயர் மாற்றித் தங்கள் தளத்தில் போட்டார்கள்: கூப்பர்டினோவே, நகலெடுக்கும் இயந்திரங்களை ஓட்டு. முதல் மேக்கிலேயே 1984இல் கால்குலேட்டர், கடிகாரம் போன்ற மேசைத் துணைக்கருவிகள் இருந்தன, யோசனை எங்களுடையதே என்று ஆப்பிள் பக்கம் நின்றவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இயங்குதளத்தோடு இலவசமாக வரும் ஒன்றோடு, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று நெடுநாள் போட்டியிட முடியாது என்பது மட்டும் உறுதி. பிக்சோரியா 2004 நவம்பரில் விண்டோஸுக்கும் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. அதுதான் அவர்களைக் கரை சேர்த்தது என்று நினைக்கிறேன்.

2005 ஏப்ரலில் டாஷ்போர்டு வெளிவந்தது. ஜூலையில் யாகூ பிக்சோரியாவை வாங்கியது. அன்றைய யாகூ மிகப் பெரிய நிறுவனம். அதே ஆண்டு மார்ச்சில் படங்களைப் பகிரும் ஃப்ளிக்கர் தளத்தை வாங்கியது, டிசம்பரில் இணைய முகவரிகளைக் குறித்து வைக்கும் டெலிஷியஸ் தளத்தை வாங்கியது. வாங்கிய கையோடு கான்ஃபேபுலேட்டரை எல்லோருக்கும் இலவசமாக்கியது. நேற்று வரை காசுக்கு விற்றது இன்று சும்மா கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? அந்த ஆண்டு முடிவதற்குள் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய பெயரும் போய், யாகூவின் பெயர் ஏறியது.

இந்த இலவசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். காசுக்கு விற்ற காலம்வரை பயனாளர்தான் பிக்சோரியாவின் ஒரே வரும்படி. அவர் கோபித்துக்கொண்டால் அவர்களுக்கு அடுப்பு எரியாது. யாகூவிடம் போன பிறகு விட்ஜெட் என்பது யாகூவின் வானிலை, நிதிச் செய்தி, படங்கள், மின்னஞ்சல் எல்லாம் நம் திரைக்கு வந்து சேர ஒரு வாசல். வாசல் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு வழி திறந்துவிட்டால் நிறுவனம் அந்த வழியாகப் போகும். அப்படியே நடந்தது. 2008இல் கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெலுடன் சேர்ந்து, விட்ஜெட்டுகளை இயக்கும் இதே மென்பொருளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கொண்டுபோகப் போவதாக யாகூ அறிவித்தது. தொழில்நுட்பம் தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்தது. கணினித் திரையில் அதை வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். 2012 ஏப்ரலில் கணினிக்கான விட்ஜெட்டுகள் நிறுத்தப்பட்டன.

இதில் துரோகம் என்று எதுவும் இல்லை. ஏழு ஆண்டுகள் என்பது மென்பொருள் உலகில் நல்ல ஆயுள். என் அக்கறை, அந்த ஏழு ஆண்டுகளில் பயனாளர் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில்தான்.

வானிலை விட்ஜெட் நின்றுபோனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாம் எழுதியவை எந்தச் சிறு மென்பொருளில் தங்கியிருக்கின்றனவோ அங்கேதான் இழப்பு. ஆகவே ஒரு நிறுவனம் கைமாறிய செய்தி வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அதிலிருந்து தகவலை வெளியே எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று. பெரும்பாலான மென்பொருள்களில் அமைப்புகளுக்குள் ஏதோ ஒரு மூலையில் அது இருக்கும். சாதாரண உரைக் கோப்பாகவோ எக்செல் அட்டவணையாகவோ அன்றே ஒரு பிரதி எடுத்துவிடுகிறேன். எடுத்ததைத் திறந்தும் பார்க்கிறேன். தமிழில் எழுதிய குறிப்புகள் வெறும் கேள்விக்குறிகளாக வெளியேறி வந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன். மூல மென்பொருள் உயிரோடு இருக்கும்வரைதான் அதைச் சரிசெய்ய முடியும்.

அடுத்தது பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி. அது அலுவலகத்தின் பொது முகவரியாக இருக்கட்டும், ஊழியரின் சொந்த முகவரியாக வேண்டாம். ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்ததற்கு முழுக் காரணமும் இதுதான்.

தனியுரிமைக் கொள்கை என்ற நீண்ட பக்கத்தை முழுவதும் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை, புரிகிறது. ஆனால் அதில் நிறுவனம் விற்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ உங்கள் தகவலும் புதிய உரிமையாளருக்குச் செல்லும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள். பயன்படுத்தாமல் விட்டுவிட்ட கணக்குகளைக் கைமாறும் முன்பே அழித்துவிடுவது நல்லது.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. கைமாறும் மென்பொருளோடு நாம் கொடுத்த அனுமதிகளும் கைமாறுகின்றன. கான்ஃபேபுலேட்டர் விட்ஜெட் பார்ப்பதற்குப் பொம்மை போல இருக்கும். ஆனால் கணினிக்குள் கட்டளைகளை இயக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. விண்டோஸ் திரையில் இருந்த இதே போன்ற கேட்ஜெட்டுகளும் அப்படித்தான். 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே முன்வந்து, இவற்றின் வழியாக அந்நியர் உங்கள் கணினியில் எதையும் ஓட்டிவிட முடியும், அணைத்துவிடுங்கள் என்று எச்சரித்தது. திரை ஓரத்தில் ஒரு கடிகாரம் என்று நாம் நினைத்தது, உண்மையில் வீட்டுச் சாவி வைத்திருந்த ஓர் ஆள்.

கிரேட் சஸ்பென்டர் என்ற குரோம் நீட்சியை, அதாவது குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவியை, இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். திறந்து வைத்து மறந்துபோன உலாவித் தாவல்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும், உண்மையிலேயே பயனுள்ள கருவி. 2020இல் அதை எழுதியவர் வேறொருவரிடம் ஒப்படைத்தார். நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை என்பதால், புதிய உரிமையாளர் அனுப்பியது அத்தனை கணினிகளுக்கும் கேள்வியின்றிப் போய்ச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு செய்யும் மென்பொருள் என்று நீக்கியது. அந்த வாரம் நான் போன இடங்களில் சிலர் ஏதோ திரையில் எச்சரிக்கை வந்தது, மூடிவிட்டோம் என்றார்கள். உரிமையாளர் மாறியதை யாரும் அறியவில்லை. அறிய வழியும் பெரிதாக இல்லை. நீட்சியின் பெயரும் படமும் அப்படியேதான் இருந்தன.

நல்ல நிறுவனம் வாங்கினாலும் கைமாறும் காலம் பலவீனமான காலம். கணினியில் தேங்கும் வேண்டாத கோப்புகளைத் துடைக்கும் சிகிளீனரை 2017 ஜூலையில் அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதம் வெளியான 5.33 பதிப்பில் திருட்டு நிரல் ஒளிந்திருந்தது, அதுவும் நிறுவனத்தின் முறையான மின்கையொப்பத்தோடு. சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது சென்றதாக அவாஸ்ட் சொன்னது. உரிமை மாறுவதற்கு முன்பே தாக்குதல்காரர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். வாங்கியவர் நோயையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். வைரஸ் தடுப்பு நிறுவனத்துக்கே இது நேர்ந்தது என்பதை என் வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது ஒரு கணம் பேச்சு நின்றுவிடும்.

ஆகவே உலாவி நீட்சிகளையும் சின்னச் சின்னக் கருவிகளையும் குறைவாக வைத்திருங்கள். மூன்று மாதமாகத் தொடாததை நீக்குங்கள். எளிய வேலைக்கு எல்லா இணையப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

எதிர்த்திசையில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். மூடப்பட்ட பழைய மென்பொருளையே பிடித்துத் தொங்குபவர்கள் இருக்கிறார்கள். பழைய நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் பத்திரப்படுத்தி, புதுக் கணினியிலும் போடச் சொல்வார்கள். பழகிய கருவியின் மீதுள்ள பாசம் எனக்கும் உண்டு. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்று, வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும் கணினியில் இருக்கவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் சிறு மென்பொருள்களின் பெயர், செய்தவர் யார், யார் முகவரியில் பதிவானது, கடைசியாக எப்போது பிரதி எடுத்தோம் என்று ஒரு பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். அரை மணி நேர வேலை.

போன மாதம் ஆடிட்டர் அலுவலகத்து அக்கா மறுபடியும் போன் செய்தார். இப்போது அவர் வேறொரு குறிப்பு மென்பொருள் வைத்திருக்கிறார். “தம்பி, இதையும் யாரோ வாங்கிவிட்டார்களாம், பொது முகவரிக்குக் கடிதம் வந்திருக்கிறது” என்றார். பிரதி எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். எடுத்தாயிற்று, தமிழ் எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்றும் திறந்து பார்த்தாயிற்று என்றார். பிறகு, அடுத்து எந்த மென்பொருளுக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்தோம்.