லேமினேட் செய்து வைத்த விவாகரத்து

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முப்பதைத் தாண்டிய வயது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். நூறு ரூபாய்ப் பத்திரம். கிழிந்துவிடக் கூடாது என்று லேமினேட் செய்திருந்தார். "நானும் அவரும் தீர்த்துவிட்டோம் மேடம், ஆறு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். எதற்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று மாப்பிள்ளையின் அக்கா சொன்னார்கள்."

அந்த அக்கா யாரென்று எனக்குத் தெரியாது. அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு. இந்த வருஷம் என்னிடம் வந்த நான்காவது பத்திரம் இது. முந்தைய மூவரும் மாலை மாற்றிய பிறகுதான் வந்தார்கள்.

அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் அத்தை மகனுக்குக் கட்டிவைத்தார்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாதாம். அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார், பண்டிகைக்கு வருவார். அடித்தார் என்றுகூட இவர் சொல்லவில்லை. "என்னிடம் பேசவே மாட்டார் மேடம்" என்றார். ஏழு வருஷம் பேச்சில்லாத வீடு. பிரிந்த பிறகு ஓசூரில் வேலை, விடியற்காலையில் கம்பெனி வேன், அதே வேனில் மனைவியை இழந்த ஒருவர். "சாப்பிட்டாயா என்று கேட்டார்." தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருபது வருஷமாகக் குடும்ப வழக்கு நடத்துகிறேன். என்னிடம் வந்த புதுக் காதல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் தொடங்கியவைதான். அது சரியா தவறா என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. அந்த வேலை எனக்கு வேண்டாம்.

என் கோபமெல்லாம் அந்தத் தாள் மேல்.

பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் ஆகாது. ஊர்ப் பெரியவர்கள் பதினோரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் ஆகாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாலும் ஆகாது. தாலியைக் கழற்றிக் கொடுத்து, சீர்ப் பாத்திரத்தை எண்ணி வாங்கி, ரேஷன் கார்டில் பெயரை நீக்கினாலும் நீங்கள் இன்னும் அவர் மனைவிதான், அவர் இன்னும் உங்கள் கணவர்தான். "ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாகவே முறிந்துவிடுமாமே?" முறியாது. ஏழு வருஷமாக ஒருவர் உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லையென்றால், அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம். பெங்களூரில் இருந்துகொண்டு மாதாமாதம் மகளுக்குப் போன் செய்கிறவரைக் காணாமல் போனவர் என்று எந்த நீதிபதியிடம் சொல்வீர்கள்?

வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையை இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) காப்பாற்றுகிறதே என்று சக வக்கீல்கள் கிளம்புவார்கள். காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இடைவிடாமல் இருந்துவருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆகும் காலத்தில் இரண்டு விவாகரத்து வாங்கிவிடலாம். இந்தத் தாளைத் தட்டச்சு செய்து, ஆயிரம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு, "இனி உங்களுக்குப் பயமில்லை அம்மா" என்று அனுப்பிவைக்கிறவர்களில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்களும் உண்டு. வெட்கமாக இருக்கிறது.

(நான் பேசுவது இந்துத் திருமணச் சட்டம். மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு, தனியாகக் கேளுங்கள்.)

மாலை மாற்றிவிட்டு வந்த மூவரில் ஒருவர் சொன்னார்: "தாலி கட்டவில்லை மேடம், மாலை மட்டும்தான். அது கல்யாணம் ஆகாதே?" வேறு மாநிலமாக இருந்தால் வாதாடிப் பார்த்திருப்பேன். நம் மாநிலத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 7ஏ பிரிவு இருக்கிறது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும், திருமணம்தான். சுயமரியாதைத் திருமணத்துக்காகப் போராடி வாங்கிய பிரிவு இங்கே இவர் கழுத்துக்கே வந்தது. முதல் திருமணம் உயிரோடிருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம் செல்லாது. ஆனால் குற்றம் மட்டும் நிற்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை. பழைய திருமணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் பத்து. இவர் மாலை மாற்றிய புகைப்படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தது யார் தெரியுமா? மாப்பிள்ளையின் தம்பி. மூன்றாம் நாள் முதல் கணவரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

ஆண்கள் வேறொரு தெம்போடு வருகிறார்கள். "497ஐத்தான் எடுத்துவிட்டார்களே மேடம், இனி சட்டமே ஒன்றும் கேட்காது." 2018 செப்டம்பர் 27 அன்று பிறர் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்த 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. போனது சிறைத்தண்டனை மட்டும். மண உறவுக்கு வெளியே உறவு வைப்பது விவாகரத்துக்குக் காரணமாக அப்படியே இருக்கிறது. அரசு ஊழியராக இருந்து இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டால் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி துறை நடவடிக்கை தனியாக வரும். பெண்கள் கவனிக்க வேண்டியது ஜீவனாம்சம். கணவரைப் பிரிந்து இன்னொருவரோடு தொடர்ந்து வாழ்கிறார் என்று நிரூபணமானால் அது கைவிட்டுப் போகும். எப்போதோ ஒரு முறை தவறியதற்குப் போகாது என்று பல தீர்ப்புகள் உண்டு. ஆனால் அந்த வித்தியாசத்தைக் கூண்டில் நின்று, எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்கு நடுவே விளக்க வேண்டியவர் நீங்கள். 2025இல் உச்ச நீதிமன்றம், இதேபோல் எழுதிப் பிரிந்து மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கு இரண்டாம் கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. அதை வாங்க அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இனி என்ன செய்ய வேண்டும்? முதலில் கல்யாணத் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும். இருவருக்கும் சம்மதம் என்றால் 13பி பிரிவில் சேர்ந்து மனுப் போடுங்கள். ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுதியுள்ள வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெயருக்கு மட்டும் கணவன் மனைவியாக இருப்பவர்களும் பிரிந்து வாழ்பவர்கள்தான், 1991லேயே சொல்லிவிட்டார்கள். சம்மதம் இல்லையென்றால் கொடுமை, இரண்டு வருஷம் கைவிட்டது என்று காரணம் காட்டி வழக்குப் போடுங்கள். வாய்தா நீளும், பொறுங்கள். பதினெட்டுக்கு முன்பே கட்டிவைக்கப்பட்ட பெண்களே, அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருபது வயது நிறையும்வரை இருக்கிறது. நம் இரண்டு மாவட்டங்களிலும் இதை எத்தனை பேர் தெரியாமல் தவறவிட்டிருக்கிறார்கள்!

பணமில்லை என்று பத்திர எழுத்தரிடம் போகாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்குப் போனும் செய்யலாம். அடி உதை என்றால் 181.

போனைப் பற்றி ஒரு வரி. கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் தீர்ப்பாகியிருக்கிறது. சண்டையில் வாய் விடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் அழவில்லை. "அவருக்கும் பெங்களூரில் ஒரு குடும்பம் இருக்கிறது மேடம், கையெழுத்துப் போடுவார்" என்றார். போட்டார். மனு தயாரானதும் லேமினேட் தாளைக் குப்பையில் போட்டுவிடவா என்று கேட்டார். போடாதீர்கள் என்று வாங்கி, ஆறு வருஷமாகப் பிரிந்து வாழ்வதற்கு அதுதானே ஆதாரம் என்று ஆவணப் பட்டியலில் சேர்த்தேன். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரையை எங்கே குத்துவது என்று நீதிமன்ற அலுவலர் என்னைப் பார்த்தார்.