பாதி வழியில் பஸ் மாறும் வைரஸ்

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ், மெடிக்கல் ஷாப் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் சேர்ந்தே இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வருபவர்கள் காட்பாடியில் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இப்படிப் பல ஊர் ஜனங்கள் கலக்கிற இடங்களைப் பார்த்தால் வைரஸ் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கேள்வி தோன்றும். வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக வளர்ந்த இரண்டு உருமாறிய கொரோனா வைரஸ்கள் ஒரே ஆளின் மூக்கில் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் ஆளுக்கொரு செல்லில் புகுந்து தங்கள் வேலையைப் பார்க்கும். இரண்டும் ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

கொரோனா வைரஸின் மரபணுத் தொடர் சுமார் 29,900 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. ஆர்என்ஏ வைரஸ்களில் இது மிக நீளம். செல்லுக்குள் போனதும் பாலிமரேஸ் என்ற நொதி இந்த இழையை வால் முனையிலிருந்து படித்துக்கொண்டே நகல் எடுக்கும். அப்படிப் படித்துக்கொண்டு போகும்போது, கையில் பாதி நகலோடு, மூல இழையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு இழைக்குத் தாவிவிடுவதுண்டு. விட்ட இடத்திலிருந்தே அங்கே தொடர்ந்து படிக்கும். அந்த இன்னொரு இழை வேறு திரிபுக்குச் சொந்தமானதாக இருந்தால், கிடைக்கும் நகலில் ஒரு பகுதி இதனுடையது, மீதி அதனுடையது. இதுதான் மரபணு மறுசேர்க்கை.

வேலூரில் சென்னை பஸ் ஏறிய ஒருவர் ஆற்காட்டில் இறங்கி, பின்னால் வந்த இன்னொரு சென்னை பஸ்ஸில் ஏறிக்கொள்கிறார் என்று வையுங்கள். வாலாஜா, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என மீதி ஊர்கள் வரிசை தப்பாமல் வரும். ஓர் ஊரும் விட்டுப்போகாது, ஓர் ஊரும் இரண்டு தடவை வராது. அதே ஆற்காட்டில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிவிட்டால் கதை கந்தல்தான். வைரஸுக்கும் அப்படியே. விட்ட இடத்துக்குச் சரிநிகரான இடத்தில் தாவினால்தான் உருப்படியான நகல் கிடைக்கும். தப்பான இடத்தில் தாவிப் பிறக்கும் நகல்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஏன் இந்தத் தாவல்? இதைக் கொரோனா வைரஸின் கோளாறு என்று நினைக்கவேண்டாம். அதன் அன்றாடப் பிழைப்பே தாவலில்தான் நடக்கிறது. கூர்முனைப் புரதம், உறைப் புரதம் போன்றவற்றைச் செய்ய அதற்குக் குட்டையான ஆர்என்ஏக்கள் தேவை. அவற்றை உருவாக்கும்போது பாலிமரேஸ் வாலிலிருந்து கிளம்பி, குறிப்பிட்ட சில எழுத்துத் தொடர்களைக் கண்டதும் நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு மறுமுனைக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தொற்றிலும், ஒவ்வொரு செல்லிலும் இது நடக்கிறது. ஓர் இழைக்குள்ளேயே இவ்வளவு தாவுகிற நொதி அடுத்த இழைக்குத் தாவுவதில் வியப்பில்லை. எலிகளைத் தாக்கும் கொரோனா வைரஸில் இந்த மறுசேர்க்கையை 1980களின் நடுவிலேயே ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை உண்டு. கொரோனா வைரஸ்களிடம் நகலில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்தும் நொதி ஒன்று இருக்கிறது. அதை முடக்கிப் பார்த்த ஆய்வில் பிழைகள் கூடியதோடு மறுசேர்க்கையும் குறைந்தது. பிழை திருத்துகிற ஆளே தாவலுக்கும் ஒத்தாசை செய்கிறார் போலிருக்கிறது.

அப்படியானால் பெருந்தொற்று தொடங்கிய 2020-லேயே கலப்புகள் குவிந்திருக்க வேண்டுமே? நடந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அப்போது உலவிய வைரஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரே மாதிரி இரண்டு இழைகளுக்கு நடுவே தாவினால் தடயம் எங்கே கிடைக்கும்? பெற்றோர் இருவரும் நன்றாக வேறுபட்டிருக்க வேண்டும், ஒரே சமயத்தில் ஊரில் உலவவும் வேண்டும். டெல்டா இறங்கி ஓமைக்ரான் ஏறிய 2021 கடைசி, 2022 தொடக்கம் அப்படிப்பட்ட காலம். கலப்பு வகைகளுக்கு எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் வைத்தார்கள். எக்ஸ்ஏ, எக்ஸ்பி என்று போய், எழுத்து தீர்ந்து எக்ஸ்ஏஏ என்று மறுபடி ஆரம்பிக்கவேண்டி வந்தது.

இவற்றில் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போயின. டெல்டா உடலும் ஓமைக்ரான் கூர்முனையும் கொண்ட எக்ஸ்டி கூட, டிவி செய்திகள் கிளப்பிய பயத்துக்கு ஈடாகப் பரவவில்லை. இரண்டு பெற்றோரின் கெட்ட குணங்களும் ஒன்றுகூடிய அரக்கன் பிறப்பான் என்பது சினிமாக் கணக்கு. கலவை பெற்றோரைவிட நோஞ்சானாகவும் பிறக்கலாம்.

நோஞ்சானாகப் பிறக்காத ஒன்று 2022 ஆகஸ்டு வாக்கில் கண்டறியப்பட்ட எக்ஸ்பிபி. அதன் பெற்றோர் பிஜே.1, பிஎம்.1.1.1 என்ற இரண்டு ஓமைக்ரான் வாரிசுகள். ஒட்டுப்போட்ட இடம் 22,900ஆவது எழுத்தை ஒட்டி, கூர்முனைப் புரதம் நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் பகுதிக்கு நடுவில். அந்தப் பகுதியில்தான் நம் எதிர்ப்புப் புரதங்கள் பலவும் போய் ஒட்டுகின்றன. ஒரு பெற்றோரிடமிருந்து சில மாற்றங்கள், மற்றவரிடமிருந்து சில என்று அந்த எதிர்ப்புப் புரதங்களிடமிருந்து இருபக்க மறைப்பும் ஒரே தாவலில் அதற்குக் கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பிறழ்வுகளைச் சேர்ப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். அதன் வாரிசான எக்ஸ்பிபி.1.16-தான் 2023 மார்ச், ஏப்ரலில் இந்தியாவில் தொற்று ஏறியபோது முன்னால் நின்றது.

கலப்பு என்று அறிவிப்பதிலும் ஆபத்து உண்டு. 2022 ஜனவரியில் சைப்ரஸிலிருந்து, டெல்டாவும் ஓமைக்ரானும் கலந்த 'டெல்டாக்ரான்' கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. பரிசோதனைக்கூடத்தில் மரபணுவைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் முழுதாகப் படிப்பதில்லை. ஏறத்தாழ 400 எழுத்து நீளத் துண்டுகளாகப் பெருக்கித்தான் படிப்பார்கள். டெல்டா மாதிரியில் ஒரு துண்டு சரியாகப் பெருகாமல் போய், பக்கத்துக் குழாயிலிருந்து துளி ஓமைக்ரான் கலந்திருந்தால், அந்த இடத்தை ஓமைக்ரான் நிரப்பிவிடும். கணினித் திரையில் அது கலப்பு வைரஸ் போலவே தெரியும். சைப்ரஸில் நடந்தது இப்படிப்பட்ட அசுத்தக் கலப்பு என்றே பல விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஒரே ஒட்டு, ஒரே இடத்தில், வெவ்வேறு ஆய்வகங்களில், வெவ்வேறு நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் நம்பலாம். அதற்கு மாதிரிகளை ஓயாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவில் அதற்கென 2020 டிசம்பரில் இன்சாகாக் என்ற ஆய்வகக் கூட்டமைப்பு தொடங்கியது.

மறுசேர்க்கைக்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டு, அதற்கும் வேலூருக்கும் தொடர்பும் உண்டு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸின் மரபணு 11 தனித்தனித் துண்டுகள். இரண்டு ரோட்டாவைரஸ்கள் ஒரே செல்லில் சந்தித்தால் தாவக்கூட வேண்டாம், துண்டை முழுசாக மாற்றிக்கொள்ளலாம். 1980களின் நடுவில் டெல்லியில் பிறந்த பச்சைக்குழந்தைகளிடம் 116ஈ என்ற வகை கிடைத்தது. பத்துத் துண்டுகள் மனித வைரஸுடையவை, வெளிமுள்ளைத் தரும் ஒரு துண்டு மட்டும் மாட்டு வைரஸிலிருந்து வந்தது. இயற்கையே செய்த இந்தக் கலப்பு குழந்தைகளுக்கு நோய் தரவில்லை, எதிர்ப்பாற்றலை மட்டும் தந்தது. ரோட்டாவேக் சொட்டு மருந்து அதிலிருந்துதான் உருவானது. 2011, 2012-இல் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். முதல் வருடத்தில் கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கை அது ஏறக்குறைய 56 சதவீதம் குறைத்தது.